விளையாட்டும் மெய்ப்பாடும்

உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரண்டு சொற்களுக்கும் விளையாட்டு என்பதே பொருள் எனக் கூறிய தொல்காப்பியர், மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் இடங்களை நான்காக வகுத்தபோது, விளையாட்டையும் அந்நான்கனுள் ஒன்றாக வைத்தார். செல்வ நுகர்ச்சி, கல்வியால் வரும் அறிவு, காதலர் கூட்டம் ஆகிய மூன்றோடு ஒருங்கு எண்ணத்தக்க பெருமை விளையாட்டுக்கு உண்டு என்பது அவர் கருத்து. ஆயினும் பிற்காலத்தார் அதனைச் சிறுவர்க்கே உரியதெனவும், பொழுது போகாதார் தொழிலெனவும் ஒதுக்கினர். செய்யுளுக்குக் கிடைத்த உரைவளம் விளையாட்டுக்குக் கிடைக்கவில்லை.

இன்று விளையாட்டின் களம் முற்றத்தை விட்டுத் திரைக்கு ஏறிவிட்டது. 'கேம்' என்று பிள்ளைகள் ஒரே சொல்லில் அடக்கிவிடும் கணினி விளையாட்டுகளைக் கண்டு பெற்றோர் முகம் சுளிப்பதும், ஆசிரியர் கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைப்பதும் நாள்தோறும் நிகழ்வன. அவர்தம் அச்சம் பொருளற்றது அன்று. பெருநிறுவனங்கள் பெரும்பொருள் கொட்டிப் படைக்கும் விளையாட்டுகளுள், சுடுதலும் துரத்துதலும் அன்றி வேறறியாதன பல. பிள்ளைகளின் பொழுதையும் பணத்தையும் கவரும் சூழ்ச்சி உடையனவும் உள. ஆனால் பேரிதழ்களின் அருகே சிற்றிதழ்கள் தோன்றியது போல, இப்பெருவிளையாட்டுகளின் அருகே வேறொரு வகையும் வளர்ந்துள்ளது. ஒருவரோ, நால்வரோ, சிலரோ கூடிச் சிறுபொருளில் படைப்பது அது. வழக்கமான அளவுகோலுக்குள் அடங்காத விந்தைப் போக்குடையது. சொல்ல வந்த ஒன்றைச் சொல்லிவிட்டு ஒழிவது.

பினாங்கு வாசகர்க்கு இப்பொருள் அயலானது அன்று. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கிய நாள்தொட்டு, கணினியின் உள்ளுறுப்பாகிய சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் உலகுக்கு அனுப்பும் இடங்களுள் ஒன்றாக இத்தீவு விளங்கி வருகிறது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அமைத்ததும் அவ்வாண்டில் இங்கேதான். தோட்டத்து லயங்களை விட்டு வந்த தமிழ்ப் பெண்கள் பலர் இத்தகைய ஆலைகளில் இரவு பகலாகக் கண்விழித்து உழைத்தனர். அன்னையர் கைபட்ட சில்லின்மேல் மக்கள் ஆடும் ஆட்டம் எத்தகையது என ஆராய்வது தக்கதே.

அவ்வாராய்ச்சிக்குக் கருவி வேறெங்கும் தேடவேண்டா, மெய்ப்பாட்டியலே போதும். எவ்வுணர்வு, எப்பொருள் பற்றி, எவ்வழியால் பிறக்கிறது என்னும் மூன்று கேள்விகளைச் செய்யுளிடம் கேட்பது போலவே விளையாட்டிடமும் கேட்கலாம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. செய்யுளில் புலியைக் கண்டு அஞ்சுவோன் தலைவன். கற்போன் அவ்வச்சத்தை அப்பாலிருந்து உணர்பவன். விளையாட்டிலோ பொத்தானை அழுத்துவது ஆடுவோரின் விரல். செய்தவரும் உணர்பவரும் ஒருவரே ஆகின்றனர். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, ஐந்து சிறு விளையாட்டுகளை ஈண்டு காணலாம்.

வாத்தும் நகையும்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து நண்பர் நால்வர், ஹவுஸ் ஹவுஸ் என்னும் பெயரால் கூடி 2019இல் வெளியிட்டது 'அன்டைட்டில்டு கூஸ் கேம்'. 'பெயரிடப்படாத வாத்து விளையாட்டு' என்பது அதன் பொருள். ஆடுவோர் ஒரு பெருவாத்து. அமைதியான ஆங்கிலச் சிற்றூர் ஒன்றில் புகுந்து, தோட்டக்காரரின் சாவியைத் திருடுதல், அவர் தொப்பியைக் கவர்தல், கண்ணாடி அணிந்த சிறுவனை வெருட்டுதல் முதலிய குறும்புகளைப் பட்டியலிட்டவாறு செய்து முடிப்பதே ஆட்டம். கத்துவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதனால் பயன் சிறிதே. ஆயினும் அதனை அழுத்தாத ஆட்டக்காரர் இலர்.

நகைக்குரிய நிலைக்களன்களுள் எள்ளலும் மடமும் இரண்டு. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் மடமே நகை விளைக்கிறது. குருவும் சீடரும் தாமே தம்மை நகைப்புக்கு இடமாக்குகின்றனர். வாத்தின் கதையில் நகை பிறப்பது எள்ளலால். ஒழுங்கே உயிர் என வாழும் மாந்தர் சிலரை, ஒழுங்கு என்பதே இன்னதென்று அறியாத ஒரு பறவை எள்ளுகிறது. ஒருவர்க்கும் ஊறு நேர்வதில்லை. டெபுஸி என்னும் பிரெஞ்சு இசையறிஞரின் பியானோ இசை, வாத்து நடந்தால் நடந்தும், நின்றால் நின்றும் பின்தொடர்கிறது. நடையும் இசையும் ஒன்றிய இவ்விணைப்பே நகையைப் பெருக்குகிறது.

குறை ஒன்று உண்டு. எள்ளப்படுவோர் அனைவரும் எளிய ஊர் மக்களே. தோட்டக்காரர், கடைக்காரர், சிறுவன் ஆகியோரை எள்ளும் வாத்து, வலியார் ஒருவரையும் எள்ளவில்லை. வலியாரை எள்ளும்போதே எள்ளல் கூர்மை பெறும். எனினும் ஒரு மாலைப் பொழுதில் குடும்பத்தார் ஒருங்கிருந்து நகைக்கத்தக்க விளையாட்டு இது.

முத்திரையும் அச்சமும்

அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் கூறுவனவற்றுள் அணங்கும், விலங்கும், கள்வரும் எளிதில் விளங்குவன. நான்காவதாகிய இறை என்பதே இக்காலத்தார் ஆழ்ந்து எண்ணத்தக்கது. அரசாணைக்கு அஞ்சும் அச்சம் அது. அதனை முழுமையாகக் காட்டும் விளையாட்டு, லூகாஸ் போப் என்பவர் தனியொருவராகப் படைத்து 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'.

1982ஆம் ஆண்டு, அர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாடு, அதன் எல்லையில் ஒரு சிறு சாவடி. ஆடுவோர் அச்சாவடியின் பரிசோதகர். வருவோரின் கடவுச்சீட்டைப் பார்த்து, பெயரும் நாளும் படமும் ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தவேண்டும். ஆணைகள் நாளுக்கு நாள் மாறும். சரிபார்த்தவர் தொகைக்கு ஏற்பவே கூலி. பிழைக்குத் தண்டம் உண்டு. மாலையில் வீட்டுக்கணக்கு வரும். வாடகை, உணவு, குளிர் போக்கும் எரிபொருள், நோயுற்ற மகனுக்கு மருந்து ஆகியவற்றுள் எதனைக் கொடுப்பது, எதனை மறுப்பது என முடிவு செய்யவேண்டும்.

ஒரு நாள் ஒருவர் உரிய தாள்களோடு வருகிறார், உள்ளே அனுமதிக்கப்படுகிறார். அடுத்து நிற்பவர் அவர் மனைவி. அவரிடம் ஒரு தாள் குறைகிறது. விட்டால் தண்டம், விடாவிட்டால் ஒரு குடும்பம் பிரியும். எச்சரிக்கைச் சீட்டைப் பெற்றுக்கொண்டு பச்சை முத்திரை குத்துவாரும் உண்டு; மகனின் மருந்தை நினைந்து சிவப்பு முத்திரை குத்துவாரும் உண்டு. எதனைச் செய்தாலும் செய்த கை ஆடுவோருடையதே. இதுவே செய்யுளுக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆணைக்கு அஞ்சும் குடிமகனின் அச்சத்தைக் காட்டும் கதைகள் பல. அவ்வாணையைச் செலுத்தும் சிற்றலுவலரின் அச்சத்தை அவர் இருக்கையிலேயே அமர்த்தி உணர்த்துவது இது.

1957க்குப் பின்னும் குடியுரிமை பெறாமல், சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து மறைந்த முதியோரை அறிந்த மலேசியத் தமிழர்க்கு இவ்விளையாட்டு வெறும் கற்பனையாகத் தோன்றாது. ஒரு தாள் இல்லாமையால் ஒரு பிள்ளை பள்ளியில் சேர இயலாது வாயிலில் நிற்கும் நிலை, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்குப் புதியது அன்று. முகப்பலகையின் அப்பால் இருப்பவரும் அஞ்சி வாழும் மனிதரே என இவ்விளையாட்டு காட்டும்போது, சினம் முற்றும் தணியாவிடினும், எங்கே செலுத்தத்தக்கது என்பது தெளிவாகிறது.

ஒரு விரலும் மருட்கையும்

மருட்கை என்னும் வியப்பு பெரியன கண்டு மட்டும் பிறப்பதில்லை. சிறியன கண்டும் பிறக்கும். சிறுமையை மருட்கைக்கு ஒரு நிலைக்களனாகத் தொல்காப்பியர் வைத்த நுட்பம் போற்றத்தக்கது. மலேசியரான ஹாஃபிஸ் அஸ்மான் என்பாரைத் தலைமையாகக் கொண்ட செவன்த் பீட் கேம்ஸ் குழு, 2021இல் முன்வெளியீடாகத் தந்த 'ரிதம் டாக்டர்' அத்தகைய வியப்பைத் தருவது.

மருத்துவமனை ஒன்றில் பயிலும் இளைய மருத்துவர், தொலைவிலிருந்தே நோயாளியின் இதயத்தைச் சீர்செய்கிறார். துடிப்பை எண்ணி, ஏழாவது துடிப்பில் சரியாக ஒரே ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அவ்வளவே ஆட்டம். கேட்போர் எளிதென நகைப்பர். ஆனால் இருவர் இதயம் ஒருங்கே துடிக்கும். துடிப்புகளின் இடையே ஓசை அடங்கும். நோய்க்கிருமி புகுந்து திரையையே சிதைக்கும். கண்ணை நம்பினோர் தோற்பர். காதை நம்பினோர் வெல்வர்.

தமிழாசிரியர் இங்கே ஒன்றை நினைதல் தகும். எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரைக்குக் கண்ணிமையும் கைந்நொடியும் அளவு எனத் தமிழிலக்கணம் கூறுகிறது. உடம்பே அளவுகோல் ஆயிற்று. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு எனக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், மாணவர் மனப்பாடம் செய்வர், காதால் உணரார். ஓசையை விரலால் உணர்த்தும் இவ்விளையாட்டை ஆடிய பிள்ளைக்கு, அசையும் சீரும் கணக்கல்ல, காலம் என்பது எளிதில் விளங்கும். யாப்பிலக்கணத்தைக் கற்பிக்கும் நோக்கம் இதனைப் படைத்தோர்க்கு இல்லை. ஆயினும் கற்பிக்கும் வழி ஒன்றை அவர்கள் காட்டியுள்ளனர்.

பெட்டிகளும் இளிவரலும்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து விட்ச் பீம் குழு 2021இல் வெளியிட்ட 'அன்பேக்கிங்' என்பது, கேட்பதற்கு விளையாட்டாகவே தோன்றாது. வீடு மாறிய ஒருத்தியின் பெட்டிகளைப் பிரித்துப் பொருள்களை அடுக்குவதே ஆட்டம். 1997 தொடங்கி 2018 முடிய எட்டு முறை அவள் வீடு மாறுகிறாள். அவள் முகம் திரையில் வருவதில்லை, பேச்சும் இல்லை. பொருள்களே பேசுகின்றன.

2010இல் அவள் காதலன் வீட்டில் குடியேறுகிறாள். அவ்வீட்டில் எங்கும் அவன் பொருள்களே நிறைந்துள்ளன. அவள் பெற்ற பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமில்லை. இங்கும் அங்கும் வைத்துப் பார்த்து, முடிவில் கட்டிலின் அடியில் தள்ளிவிட நேர்கிறது. அடுத்த வீடு 2012இல். அது மீண்டும் பெற்றோர் வீடு. இடையில் நிகழ்ந்தது என்ன என்று ஒருவரும் கூறவில்லை, கூறவும் வேண்டுவதில்லை. எளிமைப்பட்டு நிற்கும் நிலையில் பிறக்கும் இளிவரலைக் கட்டிலடியில் கிடக்கும் சான்றிதழ் சொல்லிவிடுகிறது. கருப்பொருளின் வழியே உரிப்பொருளைக் குறிப்பால் உணர்த்தும் அகப்பாட்டின் நெறி இது. உள்ளுறையையும் இறைச்சியையும் மாணவர்க்கு விளக்க உவமை தேடும் ஆசிரியர்க்கு, இக்காட்சி ஒன்றே போதும்.

தோட்டத் துண்டாடலின்போதும் அதன் பின்னும் லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் கதையும் பொருள்களின் கதையே. சாமிப் படத்துக்கு எந்தச் சுவர், அம்மிக்கு எந்த மூலை, பால்வெட்டும் உளியை எறிவதா வைப்பதா என்ற கேள்விகளை ஒரு தலைமுறை எதிர்கொண்டது. அக்கதையை இவ்வாறு சொல்லத் தமிழ் இளைஞர் ஒருவர் முன்வரின், அவர்க்கு வழிகாட்டி இவ்விளையாட்டு. பொருளைத் தவறான இடத்தில் வைத்தால் சிவப்புக் கோடு சுட்டிக்காட்டும் முறை மட்டும் சில இடங்களில் ஆசிரியரின் பிரம்பு போல உறுத்துகிறது. ஒருவர் வீட்டில் எது எங்கே இருத்தல் வேண்டும் என்பதை விளையாட்டு முடிவு செய்வது எப்போதும் பொருந்துவதில்லை.

வெண்பா என்னும் பெண்

இனிக் காணத்தக்கது, தமிழரைப் பற்றியே எழுந்த விளையாட்டு. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறுகுழு 2023 ஜூலை 31இல் வெளியிட்டது, பெயர் 'வெண்பா'. 2024இல் தனிமுயற்சி விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலைமைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விழாவில் முதற்படைப்புக்கான பரிசையும் பெற்றது. மேலே கண்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' அதே தலைமைப் பரிசை 2014இல் பெற்றது. பத்தாண்டு இடைவெளியில் அவ்வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களை இடம்பெற்றுவிட்டது.

வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் தமிழகத்தை விட்டுக் கனடாவில் குடியேறியவர்கள். கதை 1988இல் தொடங்குகிறது. தங்குவதா, தாயகம் திரும்புவதா என்னும் தடுமாற்றத்தின் நடுவே மகன் கவின் பிறக்கிறான். வளர வளர அவன் வீட்டு மொழியை விட்டும் வீட்டு உணவை விட்டும் விலகுகிறான். தாய் புட்டு அவிக்க, மகன் பீட்சா கேட்கிறான். கணவன் மறைகிறான். மகன் வருவான் என்று பலவகை உணவு சமைத்துத் தாய் காத்திருக்கும் ஒரு நாள் உண்டு, அவன் வருவதில்லை. ஆண்டுகள் கழிந்தபின், தாயின் சமையற் குறிப்பேட்டை மகன் தானே எடுத்துப் படிக்க முயல்கிறான்.

ஆட்டம் என்பது சமையலே. ஆனால் அது வெறும் சமையல் அன்று. வெண்பாவுக்கு அவள் தாய் தந்த குறிப்பேடு சிதைந்தது. சில பக்கம் கிழிந்துள்ளது. சில வரிகள் அழிந்துள்ளன. இட்டிலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்த் துருவலையும் எம்முறையில் இடுவது என்பனவற்றை எஞ்சிய சொல்லைக் கொண்டும் படத்தைக் கொண்டும் ஆடுவோர் உய்த்துணரவேண்டும். இது சுவடி பார்க்கும் வேலை. செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்தை வைத்து எஞ்சாத எழுத்தைக் காணும் பணியை உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் செய்தனர். சீவக சிந்தாமணியும் கலித்தொகையும் 1887இல் அச்சேறியது அவ்வுழைப்பின் பயன். உலகெங்கும் பல மொழி பேசும் பிள்ளைகள், தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, ஒரு தமிழ் ஏட்டின் பதிப்பாசிரியர் ஆகின்றனர். இவ்விளையாட்டின் தலையாய அழகு இதுவே.

பெயரும் ஆராயத்தக்கது. வெண்பாவுக்கு உரியது செப்பலோசை. ஒருவர் ஒருவர்க்குச் சொல்லுவது போன்ற ஓசை அது. இக்கதை முழுதும் அடுக்களையில் ஒருவர் ஒருவரோடு பேசும் பேச்சாலேயே நடக்கிறது. வெண்பா வேற்றுத் தளை விரவப் பொறாதது. ஆசிரியப்பாவுக்கு உள்ள நெகிழ்ச்சி அதற்கு இல்லை. அத்தகைய பாவின் பெயரைப் பூண்டவள், நாள்தோறும் வேற்றுத் தளை விரவும் ஒரு வீட்டில் வாழவேண்டியவள் ஆகிறாள். தாய் தமிழில் கேட்க, மகன் ஆங்கிலத்தில் விடையளிக்கிறான். சீர் சிதையாமல் காக்க அவள் முயல்கிறாள், காக்க இயலவில்லை. வெண்பாவின் ஈற்றடி மற்ற அடிகளினும் குறுகி மூன்று சீரோடு நின்றுவிடுவது. இவ்விளையாட்டும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. விலைக்கு இது போதாது என்று குறை கூறியோர் உளர். குறளை நீளவில்லை என்று எவரும் குறை கூறுவதில்லை.

மெய்ப்பாட்டு நெறியால் நோக்கின், இதன் சுவை அழுகை. அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இழவு ஒன்று, அசைவு மற்றொன்று. பழைய நிலை கெட்டு வேறொரு நிலைக்கு ஆளாகி வருந்துதலே அசைவு எனப்படும். கணவனை இழந்த இழவினும், மகனோடு பேசும் மொழியை இழந்த அசைவே வெண்பாவை மிகுதியும் வருத்துகிறது. சாவுக்கு ஈமக்கடன் உண்டு; மொழியிழப்புக்கு அதுவும் இல்லை.

குறைகள்

தமிழைப் பற்றியது என்பதனாலேயே ஒன்றைப் போற்றுதல் திறனாய்வு ஆகாது. 'வெண்பா'விலும் குறைகள் உள. புதிர்கள் மிக எளியன. தவறினால் மீண்டும் தொடங்கலாம். இழப்பு ஒன்றும் இல்லை. தாயின் உழைப்பை உணர்த்த வந்த ஆட்டத்தில் உழைப்பின் சுமை ஆடுவோர் கைக்கு எட்டவில்லை. உரையாடலில் தேர்ந்தெடுக்கும் விடைகள் கதையின் போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை. முத்திரை குத்தும் விளையாட்டில் செய்த கை ஆடுவோருடையது என்று கண்டோம்; இங்கோ ஆடுவோர் பெரும்பாலும் பார்வையாளரே. கவின் மனம் மாறும் இடமும் விரைவாகக் கடந்து செல்கிறது. பல்லாண்டு விலகி நின்றவன் திரும்பி வருவதற்குரிய காரணம் இன்னும் ஆழமாகக் காட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

இவற்றினும் பெரியது ஒன்று உண்டு. உணவு நிலைத்தால் மொழியும் நிலைக்கும் என்றோர் எண்ணத்தை மேலோட்டமாக ஆடுவோர் கொள்ளக்கூடும். அது மெய்யன்று. ஜார்ஜ் டவுன் மார்க்கெட் தெருவில் தோசை உண்பார் எல்லா இனத்தாரும் உளர். அதனால் அவர்கள் தமிழ் கற்றுவிடவில்லை. தமிழர் பிள்ளைகளுள்ளும் தோசையை விடாது தமிழை விட்டவர் பலர். உணவு நாவின் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் விளையாட்டை ஊன்றி ஆடினால் அதன் கருத்து வேறெனத் தெரியும். கவினுக்குத் தடையாய் நிற்பது அடுப்பு அன்று, எழுத்து. தாயின் கையெழுத்தை அவனால் சரளமாகப் படிக்க இயலவில்லை. பசி அவனை ஏட்டிடம் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு அப்பால் அவனைச் சேர்க்க எழுத்தறிவு ஒன்றினாலேயே இயலும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதே மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் என்பது வரலாறு. பினாங்கு மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கனடாவின் கவினுக்குக் கிடைக்காத பேறு இங்குள்ள பிள்ளைக்கு ஆறாண்டு கிடைக்கிறது. அதன்பின் இடைநிலைப் பள்ளியில் மலாய் பயிற்றுமொழி ஆகிறது. தமிழ் விரும்பினால் எடுக்கும் பாடமாகச் சுருங்குகிறது. பதின்மூன்று வயதில் பாடத்தை விட்டவன், இருபது வயதில் படிக்கும் பழக்கத்தை விடுகிறான். முப்பது வயதில் தன் பாட்டியின் கடிதத்தை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறான். கவின் டொராண்டோவில் மட்டும் இருப்பவன் அல்லன். பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் இருப்பவன்.

அவனை விளையாட்டிலிருந்து பிரித்துத் தமிழுக்குக் கொண்டுவர முயல்வது பெரும்பாலும் பயன் தருவதில்லை. அவன் ஆடும் விளையாட்டைப் பற்றித் தமிழில் பேசச் செய்வதும், எழுதச் செய்வதும் இயலும். வாத்து ஏன் நகை விளைக்கிறது என்று பத்து வரி எழுதச் சொன்னால், 'காலத்தின் அருமை' என்னும் தலைப்புக்கு எழுதுவதினும் நன்றாகவே எழுதுவான். பரிசோதகர் எந்த முத்திரையைக் குத்துவது நேர்மை என்று பட்டிமன்றம் வைத்தால், வகுப்பில் வாயே திறவாத பிள்ளையும் எழுந்து பேசுவான். வீட்டில் பாட்டி செய்யும் ஓர் உணவின் செய்முறையைக் கேட்டுத் தமிழில் எழுதிவரச் செய்யலாம். சொல் தெரியாத இடத்தை அவன் வெற்றிடமாக விட்டுவரட்டும். வகுப்பார் கூடி அவ்வெற்றிடத்தை நிரப்பட்டும். துருவல், பதம், கொதி, தாளிப்பு ஆகிய சொற்கள் அகராதியிலிருந்து வருவதற்கு மாறாக ஒரு வீட்டின் அடுப்பிலிருந்து வரும்.

இவ்விளையாட்டுகளைப் படைத்தோர் பெரும்பொருள் உடையவர் அல்லர். ஒருவராகவும் சிலராகவும் கூடி, தமக்குத் தெரிந்த வாழ்க்கையைத் தாம் கண்ட வழியில் சொன்னவர்கள். ஜார்ஜ் டவுனின் ஐந்தடி நடைபாதைகளைக் களமாகக் கொண்டு 'காக்கி லீமா' என்னும் பலகை விளையாட்டு ஒன்று பினாங்கிலேயே படைக்கப்பட்டுள்ளது. ஊரின் ஒரு நடைபாதையே விளையாட்டுக்குப் பொருளாகுமாயின், பால்மரக் காட்டின் விடியற்காலைப் பிரட்டும், தண்ணீர்மலையின் தைப்பூசமும், துறைமுகத் தொழிலாளரின் வரலாறும் பொருளாகாமற் போகா. அவற்றைச் சொல்வதற்குக் கணினி அறிந்த கை வேண்டும். அது இளைஞரிடம் உண்டு. சொல்லத்தக்கது எது என அறியும் உள்ளமும், அதனைத் தமிழில் எழுதும் திறமும் வேண்டும். அவற்றைத் தருவது ஆசிரியர் கடன்.

பெருமிதம் பிறக்கும் இடங்களைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் முதலில் வைத்தது கல்வி. தறுகண்மையும், புகழும், கொடையும் அதன் பின்னரே வருகின்றன. தமிழ்ப் பெயர் தாங்கிய விளையாட்டு ஒன்று அயல்நாட்டில் பரிசு பெற்றது என்பது இனிய செய்தியே. ஆனால் அவ்விளையாட்டின் குறிப்பேட்டில் உள்ள தமிழைத் துணையின்றிப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வரும் பெருமிதம், பரிசுச் செய்தியைக் கேட்டு வருவதினும் உறுதியானது. அப்பெருமிதத்தைத் தரும் ஆற்றல் எந்தத் திரைக்கும் இல்லை. ஒன்றாம் ஆண்டு வகுப்பில் அகரம் எழுதப் பழக்கும் கைக்கே உண்டு.